மூன்று மணி வெயில்

அவளை எல்லோரும் கண்ணாடி என்றுதான் கூப்பிடுவார்கள். கட்டடக்கலைத் தொழிலில் இருப்பவர்கள், அவள் வரைந்து எழுப்பும் பளபளப்பான கட்டடங்களைப் பார்த்து வந்த பெயர் என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள். உண்மை அதுவல்ல. பள்ளிக்கூடத்தில் கரும்பலகை தெரியவில்லை என்று அழுது, மூக்கின் மேல் சோடாப்புட்டிக் கண்ணாடி ஏறிய அன்று அண்ணன் வைத்த பட்டப்பெயர் அது. பிறகு அவள் படித்துப் பெரிய ஆளாகி, கண்ணாடிச் சுவர்களாகக் கட்டித் தள்ளியபோது பெயர் தானாகவே பொருந்திவிட்டது.

"நான் வெச்ச பேர்ல நீ பொழைக்கிறே. அதுல எனக்கும் ஒரு பங்கு வரணும்" என்பான் அண்ணன்.

அண்ணன் ரொட்டி சுடுகிறவன். ஊர் உறங்கும்போது மாவு பிசைந்து, ஊர் விழிக்கும்போது அடுப்பிலிருந்து ரொட்டிகளை இழுத்துப் போட்டு, மத்தியானம் வீட்டுக்கு வந்து கட்டையைச் சாய்ப்பான். அண்ணி ரயில் நிலையத்தில் அறிவிப்பாளர். எந்த வண்டி எந்த நடைமேடைக்கு வருகிறது என்று ஒலிபெருக்கியில் சொல்கிற குரல் அவளுடையது. வீட்டிலும் அந்தக் குரலை அவள் கழற்றி வைப்பதில்லை. "கனிவான கவனத்திற்கு" என்று ஆரம்பித்தாள் என்றால், அடுத்து வருவதில் கனிவு இருக்காது என்று வீட்டில் எல்லோருக்கும் தெரியும்.

இருவரும் வாழ்நாள் சேமிப்பைப் போட்டு, தங்கை வரைந்த அடுக்குமாடியிலேயே பதினோராம் தளத்தில் ஒரு வீடு வாங்கியிருந்தார்கள். மேற்குப் பார்த்த வீடு. தரையிலிருந்து கூரை வரை முழுக்கக் கண்ணாடி. "சாயங்காலம் சூரியன் இறங்குறதைப் படுக்கையிலேருந்தே பார்க்கலாம்ணா" என்று சொல்லி அந்தப் பக்கத்தைத் தேர்ந்தெடுத்துக் கொடுத்ததே கண்ணாடிதான்.

குடிவந்து இரண்டு கோடைகள் ஓடிவிட்டன. அவள் அந்த வீட்டுக்கு அடிக்கடி வருவாள். ஆனால் வந்ததெல்லாம் விடுமுறைக் காலைகளில், அல்லது இருட்டிய பிறகு. அப்போது மேற்கு முகம் நிழலிலோ இருட்டிலோ இருக்கும், அவளும் நிமிர்ந்து பார்த்ததில்லை. வேலைநாளின் மத்தியானத்தில் ஒரு கட்டடக்கலைஞர் அலுவலகத்தில்தானே இருப்பார்?

அந்த வருடம் சிறந்த குடியிருப்புக் கட்டடத்துக்கான விருதின் இறுதிச் சுற்றுக்கு அந்த அடுக்குமாடி தேர்வானது. நடுவர்கள் நேரில் வந்து பார்ப்பார்கள், கூடவே புகைப்படக்காரரும் வருவார் என்று தகவல் வந்தது. கண்ணாடிக்குத் தலைகால் புரியவில்லை. அலுவலகத்தில் எல்லோருக்கும் கேக் வாங்கிக் கொடுத்துவிட்டு, கட்டடத்தை ஒரு தடவை நடுவரின் கண்ணால் பார்த்துவிட்டு வரலாம் என்று வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். மணி மூன்று.

சாலை வளைவில் திரும்பியதும் அவள் போட்ட பிரேக்கில் பின்னால் வந்தவன் ஹாரனை அழுத்தினான். அவள் காதில் விழவில்லை.

மேற்கு முகம் முழுக்கப் போர்வை. கோடு போட்ட போர்வை, பூப் போட்ட போர்வை, கரடி பொம்மை போட்ட போர்வை. போர்வை இல்லாத இடங்களில் செய்தித்தாள் ஒட்டியிருந்தது. ஆறாம் தளத்தில் யாரோ சமையலறை அலுமினியத் தாளால் ஒரு சுவரையே சுற்றியிருந்தார்கள். அதற்குப் பக்கத்து வீட்டில், எங்கிருந்தோ கழற்றிய ஒரு பழைய கதவை ஜன்னலுக்குக் குறுக்கே சாத்தி வைத்திருந்தார்கள். தாழ்ப்பாளோடு.

"அடப்பாவிகளா" என்று அவள் வாய்விட்டே சொன்னாள்.

பதினோராம் தளத்தில் லிஃப்டை விட்டு இறங்கி நேரே வீட்டுக்குப் போய் மணியை அடித்தாள். திறக்க ஆளில்லை. உள்ளே குளிர்சாதன எந்திரம் மட்டும் மூச்சிரைத்துக்கொண்டிருந்தது. அப்போது பக்கத்திலிருந்த அவசரகாலப் படிக்கட்டின் கனமான கதவுக்குப் பின்னால் சிரிப்புச் சத்தம் கேட்டது. அவள் கதவைத் தள்ளினாள்.

படிக்கட்டில் ஒரு குட்டி ஊரே இருந்தது.

மேல்படியில் ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர் முதுகுக்குத் தலையணை வைத்துக் குறுக்கெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். அவருக்குக் கீழே ஒரு பெண் மடிக்கணினியில் எதையோ மொழிபெயர்த்துக்கொண்டிருந்தாள். அடுத்த தளத்துப் படியில் இரண்டு பேர் காய்கறி நறுக்கினார்கள். திருப்பத்தில், சுவரோரமாக விரித்த பாயில், காதில் பஞ்சு அடைத்துக்கொண்டு அண்ணன் மல்லாந்து தூங்கிக்கொண்டிருந்தான். அண்ணி அவன் கால்மாட்டில் உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"வாம்மா கண்ணாடி" என்றாள் அண்ணி, குரலைத் தாழ்த்தி. "மெதுவா வா, உங்கண்ணன் இப்பத்தான் கண்ணசந்தார்."

"என்ன அண்ணி இது? ஏன் எல்லாரும் இங்க உக்காந்திருக்கீங்க?"

"ஏன்னா இந்தக் கட்டடத்துலயே நல்லா இருக்கிற இடம் இதுதான். ஜன்னல் கிடையாது, சுத்தி கெட்டிச் சுவர், வெயில் எட்டிப் பார்க்காது. யார் வரைஞ்சாங்களோ, அவங்க கையில ஒரு வளையல் போடணும்."

அந்தப் படிக்கட்டைக் கண்ணாடி அரைமணி நேரத்தில், சாப்பிட்டுக்கொண்டே வரைந்திருந்தாள். தீப்பிடித்தால் ஓடுவதற்கு ஒரு படிக்கட்டு வேண்டும் என்று சட்டம் சொன்னதால் வரைந்தாள்.  அதை விட்டுவிட்டு வந்த காரியத்தைச் சொன்னாள். நடுவர்கள் வருகிறார்கள், ஒரே ஒரு நாள் மட்டும் எல்லோரும் போர்வைகளை இறக்கிவிட வேண்டும்.

காய்கறி நறுக்கிக்கொண்டிருந்த கைகள் நின்றன. குறுக்கெழுத்துப் பெரியவர் பேனாவை மூடினார். அண்ணி மடித்த துணியை ஓரமாக வைத்துவிட்டுத் தொண்டையைச் செருமினாள்.

"குடியிருப்போரின் கனிவான கவனத்திற்கு" என்றாள். அண்ணன் தூக்கத்திலேயே புரண்டு படுத்தான். "இந்தம்மா நாளைக்கு மத்தியானம் எங்க வீட்டுல, மேற்கு ரூம்ல, போர்வை இல்லாம உக்காந்து வேலை பார்ப்பாங்க. சாயங்காலம் வரைக்கும் தாக்குப்பிடிச்சா, நானே வீடு வீடாப் போய் எல்லாப் போர்வையையும் அவுத்துடுறேன். சம்மதமா?"

"சம்மதம்" என்றாள் கண்ணாடி. ரோஷம் அவளுக்குச் சிறுவயதிலிருந்தே மூக்கு நுனியில்தான் இருக்கும், சோடாப்புட்டிக்குச் சற்றுக் கீழே.

மறுநாள் அவள் மடிக்கணினி, அளவுகோல், வரைதாள் எல்லாவற்றோடும் வந்து ஜம்பமாக உட்கார்ந்தாள். அண்ணி போர்வையை அவிழ்த்துவிட்டு, அவள் அருகில் ஒரு குடம் தண்ணீரையும் வைத்துவிட்டுப் போனாள். முதலில் ஒன்றும் தெரியவில்லை. ஏரியும் மரங்களும் வானமும் கண்ணாடிக்குள் சட்டம் போட்ட படம்போல இருந்தன. 'இந்தக் காட்சிக்குத்தானே இத்தனை பாடும்' என்று நினைத்துக்கொண்டாள்.

பிறகு சூரியன் கூரை விளிம்பைத் தாண்டிக் கீழே இறங்கியது. வெயில் முதலில் அவள் கால்விரலைத் தொட்டது, பிறகு முழங்காலில் ஏறியது, பிறகு நடு அறையில் வந்து சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டது. குளிர்சாதன எந்திரத்தை வேகமாக வைத்தாள். அது ஓலமிட்டது. வீட்டுக்கு வீடு எந்திரங்கள் உள்ளே இருக்கும் சூட்டை அள்ளி வெளியே கொட்டின. ஒரு வீடு கொட்டியது அடுத்த வீட்டு ஜன்னலில் போய் முட்டியது. வரைதாளில் உள்ளங்கை ஒட்டிக்கொண்டது. பென்சில் கோடு வியர்வையில் கலைந்தது. மடிக்கணினி தனக்குச் சூடு தாங்கவில்லை என்று ஒரு செய்தி காட்டிவிட்டு அணைந்தது. அதற்கும் அரைமணி கழித்து, அத்தனை எந்திரங்களையும் இழுத்து இழுத்துக் களைத்த மின்சாரம், 'டப்' என்று ஒரு சத்தத்தோடு கட்டடம் முழுக்க நின்றுபோனது.

அவள் சாயங்காலம் வரை இருக்கவில்லை. வரைதாளால் விசிறிக்கொண்டே வந்து படிக்கட்டுக் கதவைத் தள்ளினாள்.  பெரியவர் தலையணையை நகர்த்தி இடம் கொடுத்தார்.

"உங்களைச் சொல்லிக் குத்தமில்லைம்மா" என்றார் அவர். "நீங்க படம் போட்ட வருஷம் வெயில் இப்படியா இருந்தது? வருஷா வருஷம் ஏறிக்கிட்டே போகுது."

சுவர் சில்லென்று இருந்தது. அதில் கன்னத்தை வைத்தபடி அவள் சொன்னாள்: "ஏறும்னு அப்பவே தெரியும் ஐயா. எங்க தொழில்ல எல்லாருக்கும் தெரியும். படிச்சோம், கூட்டம் போட்டுப் பேசினோம், பேசிட்டுப் போய்க் கண்ணாடியாவே வரைஞ்சோம்."

"அப்போ ஏன் வரைஞ்சீங்க?" என்று மொழிபெயர்ப்புப் பெண் கேட்டாள். குத்திக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

"படத்துல அழகா இருந்தது" என்றாள் கண்ணாடி. சொன்ன மாத்திரத்தில் அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. அவள் சிரித்ததும் எல்லோரும் சிரித்தார்கள். அந்தச் சத்தத்தில் அண்ணன் எழுந்து உட்கார்ந்து, காதிலிருந்து பஞ்சை எடுத்துவிட்டு, "யாரு செத்தா?" என்று கேட்டான். அதற்கும் சிரித்தார்கள்.

"நான் அடுப்புக்கு முன்னாடி நின்னுட்டு, அடுப்புக்குள்ளேயே தூங்க வர்றேன் கண்ணாடி" என்றான் அவன். "கடையில ரொட்டிக்காவது ஒரு நேரம் வந்தா வெளிய எடுத்துடுவோம்."

"ஏண்ணா எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலை?"

அண்ணன் தலையைச் சொறிந்தான். அவனுக்குப் பதில் அண்ணிதான் சொன்னாள். "அவர் சொல்ல விடலை. நீ வர்றப்பல்லாம் எங்க வீட்டுப் போர்வையை அவுத்து ஒளிச்சு வெச்சிடுவோம். தங்கச்சி கட்டினதைத் தப்பு சொன்னா அவ மனசு உடைஞ்சு போகும்னார். கண்ணாடியாச்சே."

 அவள் எழுந்து, "அண்ணி, உங்ககிட்ட ஒரே மாதிரி ரெண்டு போர்வை இருக்கா?" என்று கேட்டாள்.

அடுத்த நாள் காலை அவள் அலுவலகம் போகவில்லை. அண்ணன் வீட்டில் மேற்குப் பார்த்து ஒரே அளவில் இரண்டு அறைகள் இருந்தன. ஒன்றில் போர்வையை எப்போதும்போலக் கண்ணாடிக்கு உள்பக்கம் கட்டினாள். மற்றதில் வெளிப்பக்கம் கட்டினாள். கண்ணாடி துடைப்பதற்காக ஒவ்வொரு தளத்திலும் வெளியே ஒரு குறுகலான நடைவழியும் கைப்பிடிக் கம்பியும் விட்டிருந்தாள். அதில் இறங்கி நின்று, மேலே ஒரு கயிறு, கீழே ஒரு கயிறு என்று இழுத்துக் கட்டினாள்.

"உள்ள கட்டினா என்ன, வெளிய கட்டினா என்ன? அதே போர்வைதானே?" என்றாள் அண்ணி, நடைவழிக்குத் தலையை மட்டும் நீட்டி.

"இல்ல அண்ணி. போர்வை உள்ள இருந்தா, வெயில் கண்ணாடியைத் தாண்டி வீட்டுக்குள்ள வந்துடுது. வந்தது வந்ததுதான், திரும்பிப் போகத் தெரியாது. வெளிய இருந்தா வாசல்லயே மடக்கிடலாம்."

"ஓ. வேண்டாத விருந்தாளியை நிலைப்படியிலேயே நிக்க வெச்சுப் பேசி அனுப்புற மாதிரி."

"அதேதான்."

"இதை முன்னாடியே சொல்லியிருந்தா ரெண்டு வருஷம் உள்ளயே தொங்க விட்டிருப்போமா?"

"நீங்க வெளியே கட்ட முடியாது அண்ணி. வீடு விற்கும்போது போட்ட ஒப்பந்தத்துல இருக்கு. கட்டடக்கலைஞரோட அனுமதி இல்லாம வெளித்தோற்றத்தை மாத்தக் கூடாது."

"அந்தக் கட்டடக்கலைஞர் யாரு?"

"நான்தான்."

"சரி, அனுமதி கொடு."

கண்ணாடி நடைவழியில் நின்றபடியே தன்னைத்தானே கேட்டுப் பார்த்தாள். "கொடுத்தேன்" என்றாள்.

அண்ணன் கடையிலிருந்து இரண்டு வெப்பமானிகளை எடுத்து வந்தான். ரொட்டி உள்ளே வெந்துவிட்டதா என்று குத்திப் பார்க்கிற, ஊசி மூக்கு வெப்பமானிகள். அறைக்கு ஒன்றாகத் தலையணையில் குத்தி வைத்தார்கள். மூன்று மணிக்கு மூவரும் போய்ப் பார்த்தார்கள். உள்ளே போர்வை கட்டிய அறையைவிட வெளியே கட்டிய அறையில் ஏழு டிகிரி குறைவு. குளிர்சாதன எந்திரம் இரண்டிலும் ஓடவில்லை.

கண்ணாடி அந்த அளவைக் குறித்துக்கொண்டு, "சாயங்காலம் வரைக்கும் மணிக்கொரு தடவை பார்க்கணும்" என்று திரும்பினால், அண்ணனைக் காணவில்லை. குளிர்ந்த அறையின் கட்டிலில், வெப்பமானியைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு, அவன் ஏற்கெனவே குறட்டைவிட ஆரம்பித்திருந்தான். அண்ணி கதவருகில் நின்று வெகுநேரம் அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். அறிவிப்பு எதுவும் செய்யவில்லை.

நாலரை மணிக்கு ஏரிப் பக்கமிருந்து ஒரு காற்று வந்தது. போர்வை கயிற்றை அறுத்துக்கொண்டு பறந்தது. பதினோரு தளங்களையும் நிதானமாக வேடிக்கை பார்த்தபடி இறங்கி, வாயிலில் நின்றிருந்த காவலாளியின் தலைமேல் போய் மூடிக்கொண்டது. அவர் அங்கிருந்து போட்ட கூச்சல் பதினோராம் தளம் வரை கேட்டது.

"போர்வை போதாது. அலுமினியச் சட்டம் போட்டுச் செய்யணும்" என்றாள் கண்ணாடி.

அன்றிரவு தொடங்கி அவள் வரைந்தது, இத்தனை வருடத் தொழிலில் அவள் வரைந்தவற்றிலேயே மிகச் சிறியது. ஒரு ஆள் உயரத்துக்குச் சற்றுக் கூடுதலான அலுமினியச் சட்டம், அதில் இழுத்துப் பூட்டிய நிழல்வலை. செடி வளர்க்கிற பண்ணைகளில் நாற்றுகளுக்கு மேலே கட்டுவார்களே, அதே வலையில் கொஞ்சம் கெட்டியான ரகம். நடைவழியின் விளிம்பில் மேலும் கீழும் ஒரு தண்டவாளம், சட்டம் அதில் சறுக்கி ஓடும். வெயில் வந்தால் கண்ணாடிக்கு முன்னால் இழுத்துக்கொள்ளலாம், வெயில் போனால் ஓரமாகத் தள்ளிவிட்டு ஏரியைப் பார்க்கலாம். காற்று வலையின் கண்கள் வழியே புகுந்து போய்விடும் என்பதால் பிய்த்துக்கொண்டு பறக்காது. வெளியே சாரம் கட்டவும் வேண்டியதில்லை, எதையும் இடிக்கவும் வேண்டியதில்லை.

குடியிருப்போர் கூட்டம் படிக்கட்டிலேயே நடந்தது. சட்டங்கள் வேண்டும் என்பதில் ஒருவருக்கும் மறுப்பில்லை. மின்கட்டணத்தில் மிச்சமாவதே செலவை ஈடுகட்டிவிடும் என்று பெரியவர் கணக்குப் போட்டு ஒப்புதல் வாங்கிவிட்டார். சண்டை வந்தது நிறத்தில்.

"எல்லாம் வெள்ளை. வெயிலைத் திருப்பி அனுப்புறதுக்கும் அதுதான் நல்லது" என்றாள் கண்ணாடி.

"ஆஸ்பத்திரி மாதிரி இருக்கும்" என்றாள் மொழிபெயர்ப்புப் பெண். "எனக்கு மஞ்சள்."

"எனக்கு இளம்பச்சை."

"எங்க வீட்டுல ஊதாதான். இல்லேன்னா என் சம்சாரம் வீட்டுல சேர்க்க மாட்டா."

 எத்தனையோ கட்டடங்களில் ஒரு கதவுக் கைப்பிடியின் நிறத்தைக்கூடக் கண்ணாடி யாருக்கும் விட்டுக்கொடுத்ததில்லை. ஆனால் போர்வைகள் நினைவுக்கு வந்தன. இந்த மனிதர்கள் எப்படியும் தங்கள் இஷ்டப்படிதான் கட்டப் போகிறார்கள். தான் ஒத்துழைத்தால் அது தண்டவாளத்தில் ஒழுங்காக ஓடும், அவ்வளவுதான் வித்தியாசம்.

"சரி. வெளிர் நிறமா இருக்கணும், அது ஒண்ணுதான் நிபந்தனை" என்றாள். "வெளிர் ஊதா கிடைக்குதான்னு பார்க்கிறேன்."

படிக்கட்டு கைதட்டலில் அதிர்ந்தது. கெட்டிச் சுவரல்லவா, எதிரொலி வேறு.

அலுவலகத்துக்குப் போனதும் அவள் செய்த முதல் வேலை விருதுக் குழுவைத் தொலைபேசியில் கூப்பிட்டது. நடுவர்கள் காலை பத்து மணிக்கு வருவதாக இருந்தது. அதை மத்தியானம் மூன்று மணிக்கு மாற்றச் சொன்னாள். அவளுடைய உதவியாளருக்கு மூச்சே நின்றுவிட்டது. "மேடம், மூணு மணிக்கு மேற்குப் பக்கம் கண்ணு கூசும். படமே எடுக்க முடியாது" என்றார். "தெரியும்" என்றாள் அவள்.

நடுவர்கள் வந்த நாளில் பதினோராம் தளத்தில் மட்டும்தான் சட்டங்கள் பாதி வீடுகளில் ஏறியிருந்தன. மற்ற தளங்களில் போர்வைகள் அப்படியே தொங்கின. கரடி பொம்மையும், தாழ்ப்பாள் வைத்த கதவும் உட்பட. மூன்று நடுவர்களில் தலைவர் பெரிய ஆள், பெரிய நிறுவனத்தின் முதலாளி, கோட்டும் டையும் போட்டுக்கொண்டு வந்திருந்தார். வண்டியை விட்டு இறங்கி மேலே பார்த்தவர், "திருவிழாவா?" என்று கேட்டார்.

"இல்ல சார், குடித்தனம்" என்றாள் கண்ணாடி.

அவர்களை முதலில் சட்டம் மாட்டாத வீட்டில் உட்கார வைத்தாள். மொழிபெயர்ப்புப் பெண் தன் வீட்டை அதற்காகத் தந்திருந்தாள். கால்மணி நேரம் பேசினார்கள். தலைவர் முதலில் கோட்டைக் கழற்றினார், பிறகு டையைத் தளர்த்தினார், பிறகு கையிலிருந்த விருதுக் குறிப்பேட்டால் விசிறிக்கொண்டார். அதற்குப் பிறகு கண்ணாடி அவர்களை அண்ணன் வீட்டுக்கு அழைத்துப் போனாள். கதவைத் திறந்த அண்ணி உதட்டில் விரல் வைத்தாள். "உஷ். உள்ள ஆள் தூங்குறாரு."

மூன்று நடுவர்களும் புகைப்படக்காரரும் காலணியைக் கையில் எடுத்துக்கொண்டு, பூனைபோல நடந்து உள்ளே போனார்கள். வலையின் வழியே வந்த வெளிச்சம் அறை முழுக்கப் பால்போல நிரம்பியிருந்தது. ஒரு ஜன்னல் கதவு திறந்திருந்தது, காற்று வந்தது. எந்திரம் ஓடவில்லை. அண்ணன் ஒரு கையைக் கன்னத்துக்கு வைத்து, உலகத்தையே மறந்து குறட்டை விட்டுக்கொண்டிருந்தான். அதில் ஏற்ற இறக்கம், இடையிடையே விசில் எல்லாம் இருந்தன.

"இவர்?" என்று தலைவர் கிசுகிசுத்தார்.

"என் அண்ணன். ராத்திரி ரொட்டி சுடுறார். ரெண்டு வருஷமா நான் கட்டின வீட்டுல அவரால தூங்க முடியலை. இப்பத்தான் தூங்குறார்" என்று அவளும் கிசுகிசுத்தாள். "நான் போட்டிக்கு அனுப்பின கட்டடத்துக்கு நீங்க பரிசு கொடுக்க வேண்டாம் சார். அந்த மேற்குச் சுவர் தப்பு. இது அதைச் சரி பண்றது. இதைத்தான் காட்டணும்னு கூப்பிட்டேன். இன்னும் சூடு ஏறும். அப்பவும் இவங்க இதே வீட்டுலதான் இருக்கப் போறாங்க. நாம புதுசு புதுசா வரைஞ்சுக்கிட்டே போறோம், ஏற்கெனவே வரைஞ்சதை யாரு வந்து பார்க்கிறது?"

 தலைவர் வலைச் சட்டத்தை விரலால் தள்ளிப் பார்த்தார். அது சத்தமில்லாமல் சறுக்கி ஓடியது. மறுபடி இழுத்தார், மறுபடி தள்ளினார். பொம்மை ரயில் கிடைத்தவரைப்போல அங்கேயே நின்றுவிட்டார். மற்ற இரண்டு நடுவர்களும் தரையில் உட்கார்ந்து, சுவரில் சாய்ந்துகொண்டார்கள். அண்ணி எல்லோருக்கும் டீ கொண்டுவந்தாள். புகைப்படக்காரர் மட்டும் தூங்கும் மனிதரையும் அவர்மேல் விழுந்த வெளிச்சத்தையும் படம் எடுத்துக்கொண்டே இருந்தார்.

பரிசு வேறொரு கட்டடத்துக்குப் போனது. அதுவும் கண்ணாடிக் கட்டடம்தான். அண்ணி இரண்டு நாள் அந்த நடுவர்களின் ஏழு தலைமுறையையும் வாழ்த்தினாள். கண்ணாடிக்குக் கொஞ்சம் வலிக்கத்தான் செய்தது, இல்லை என்று சொன்னால் பொய். ஆனால் அந்த வாரம் முழுக்க அவளுக்கு வருத்தப்பட நேரமில்லை. தளம் தளமாகச் சட்டங்கள் ஏறிக்கொண்டிருந்தன, வெளிர் ஊதா வேறு கிடைத்துவிட்டது. கடைசிச் சட்டம் மாட்டிய மறுநாள் அவள் சாலை வளைவில் வண்டியை நிறுத்திவிட்டு மேலே பார்த்தாள். வெயில் இறங்க இறங்க, ஒவ்வொரு வீட்டிலிருந்தும் ஒரு கை நீண்டு சட்டத்தை இழுத்தது. மஞ்சளும் பச்சையும் வெள்ளையும் ஊதாவும் அங்கங்கே நகர்ந்து, நின்று, மறுபடி நகர்ந்தன. அவள் போட்ட வரைபடங்களிலெல்லாம் கட்டடம் அசையாமல் நிற்கும். இது அசைந்தது. அவளுக்குப் பிடித்திருந்தது. அவளுக்கே அது ஆச்சரியம்.

அடுத்த வாரம் நடுவர் குழுத் தலைவர் தொலைபேசியில் கூப்பிட்டார்.

"எங்க நிறுவனம் கட்டினதுல மேற்குப் பார்த்த கண்ணாடிக் கோபுரம் மட்டும் ஒன்பது இருக்கு" என்றார், சுற்றிவளைக்காமல். "நான் நேத்து மூணு மணிக்கு ஒண்ணுல போய் உக்காந்து பார்த்தேன். வாழ்க்கையில இதுவரைக்கும் போனதில்லை. அந்தச் சறுக்குச் சட்டத்தோட வரைபடம் கொடுப்பீங்களா?"

"அது யாருக்கு வேணாலும் உண்டு சார். இன்னைக்கே அனுப்புறேன்."

"இன்னொண்ணு. உங்க அண்ணன் தூங்குற படம் ஒண்ணு வேணும். எங்க ஆபீஸ் சுவர்ல பெருசா மாட்டப் போறேன். புதுசா வர்ற பசங்க பார்க்கட்டும்."

அண்ணனிடம் அனுமதி கேட்டபோது, வாயை மூடித் தூங்குகிற மாதிரி வேறு படம் இருக்கிறதா என்று கேட்டான். இல்லை என்றதும் பெருந்தன்மையாகச் சம்மதித்தான்.

மழைக்காலம் முடிந்த பிறகு அவளுக்கு அடுத்த வேலை வந்தது. ஒரு பழைய தானியக் கிடங்கை இடித்துவிட்டு அதே இடத்தில் கோபுரம் கட்ட வேண்டும் என்றார் நில முதலாளி. அவள் அந்த இடத்தைப் போய்ப் பார்த்தாள், ஒரு தடவையல்ல, நாளின் எல்லா நேரங்களிலும். பார்த்துவிட்டு, இடிக்க வேண்டாம் என்றாள். இத்தனை செங்கல் ஏற்கெனவே சுட்டாகிவிட்டது, அதற்கான சூளைப் புகை ஏற்கெனவே வானத்துக்குப் போய்விட்டது, இன்னொரு தடவை எதற்கு என்று கேட்டாள். முதலாளி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். மூன்று கூட்டங்களுக்குத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார். கடைசியில், "சரி, வந்து காட்டுங்க, பார்க்கலாம்" என்றார்.

வெயில் கொளுத்திய ஒரு மத்தியானத்தில் அவரைக் கிடங்குக்கு அழைத்துப் போனாள். அண்ணியும் விடுப்பு எடுத்துக்கொண்டு வந்துவிட்டாள், வேடிக்கை பார்க்க. உள்ளே இருட்டு, தூசி, புறாக்கள். வடக்குச் சுவரில் உயரமான மரக் கதவுகள் வரிசையாக இருந்தன, எத்தனையோ வருடமாகத் திறக்காதவை. எதிரே தெற்கிலும் அதேபோல. கண்ணாடியும் அண்ணியும் ஆளுக்கு ஒரு பக்கம் போய்த் தோள் கொடுத்துத் தள்ளினார்கள். கீல்கள் கத்தின. முதலாளி சிறிது நேரம் கைகட்டி நின்று பார்த்துவிட்டு, மனசு கேளாமல் சட்டைக்கையை மடித்துக்கொண்டு தானும் வந்து தள்ளினார்.

கடைசிக் கதவு திறந்ததும் காற்று ஒரு முனையில் நுழைந்து மறுமுனையில் வெளியேறியது. புறாக்கள் படபடவென்று எழுந்தன. முதலாளியின் கையிலிருந்த கோபுரத்தின் வரைபடங்கள் பிடுங்கிக்கொண்டு பறந்தன, அவர் "ஐயோ, ஐயோ" என்று அவற்றைத் துரத்திக்கொண்டு கிடங்கின் நீளத்துக்கு ஓடினார். பாதி வழியில் ஓட்டத்தை நிறுத்தினார். மூச்சு வாங்க, கைகளை இரண்டு பக்கமும் விரித்துக் காற்றுக்கு நடுவில் நின்றார்.

"என்னம்மா இது," என்றார், "வியர்வையே காணோம்!"